ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலிருந்து கெஸல் வரை: ஒரு பின்னச்சு மாற்றத்தின் வரலாறு

ஸ்டாண்டர்ட் கெஸல், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1972 முதல் 1977 வரை தயாரித்த நான்கு கதவு கார். பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு காரை அடிப்படையாகக் கொண்டது. ஹெரால்டின் பின்பக்க சஸ்பென்ஷனை நீக்கிவிட்டு முற்றிலும் வேறு வகையான பின்னச்சை இதில் பொருத்தினார்கள். பிரிட்டனில் விற்ற எந்த ஹெரால்டிலும் இந்த அமைப்பு இல்லை. வெளிநாட்டு வடிவமைப்பை உரிமம் பெற்றுத் தயாரித்துவந்த சென்னைத் தொழிற்சாலை, அந்த வடிவமைப்பின் மையமான பகுதி ஒன்றைத் திருத்தியது என்பதால் இந்திய மோட்டார் தொழில் வரலாற்றில் கெஸலுக்குத் தனி இடம் உண்டு. பின்பக்க சஸ்பென்ஷனை மாற்றினால் என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டுகளின் வேலையும் மாறிவிடும் என்பதைப் புரிந்துகொள்ளவும் இந்தக் கார் நல்ல சான்று.

பின்னணி

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் தொடங்கப்பட்டது. பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் இணைந்து உருவாக்கிய நிறுவனம் அது. முதலில் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு கார்கள் வண்டலூரில் பூட்டப்பட்டன. பின்னர் ஸ்டாண்டர்ட் டென், பெனன்ட் ஆகிய சிறு கார்கள் வந்தன.

1950-களின் முற்பகுதியில் இந்திய அரசு உள்நாட்டுத் தயாரிப்புத் திட்டம் இல்லாத கார் நிறுவனங்களுக்கு இடமில்லை என்று முடிவு செய்தது. உதிரிகளை இறக்குமதி செய்து பூட்டி மட்டும் விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியக் கார் சந்தை மூன்று நிறுவனங்களிடம் இருந்தது. வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையில் ஸ்டாண்டர்ட். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு காரணமாகப் புதிய மாதிரிகளைக் கொண்டுவருவது எளிதாக இல்லை. கையில் இருக்கும் காரை உள்நாட்டு உதிரிகளைக் கொண்டே ஆண்டுக்கணக்கில் தயாரிக்க வேண்டும். அந்தக் காரில் பிறவிக்குறை ஒன்று இருந்தால் அதைத் திருத்தும் பொறுப்பும் உள்ளூர் பொறியாளர்களையே சேரும்.

டிரையம்ப் ஹெரால்டு

டிரையம்ப் ஹெரால்டு 1959 ஏப்ரலில் பிரிட்டனில் அறிமுகமானது. உடல் வடிவத்தை இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி அமைத்தார். பொறியியல் பணிக்கு ஹாரி வெப்ஸ்டர் தலைமை வகித்தார். அக்காலத்தில் சிறு கார்களின் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே வார்க்கப்பட்டுவந்தன. ஸ்டாண்டர்டுக்கு உடல் தகடுகள் தந்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. ஆகவே ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் அமைத்து, சிறு சிறு உடல் பகுதிகளை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கும் முறையைக் கையாண்டார்கள். பெரிய அச்சு இயந்திரங்கள் இல்லாத நாடுகளில் பூட்டித் தயாரிக்க இந்த முறை மிகவும் வசதியாக இருந்தது. 1961-ல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் இந்தக் கார் வண்டலூருக்கு வந்தது.

ஏழரை மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடும் இந்தக் கார் நகர ஓட்டுநர்களுக்குப் பிடித்திருந்தது. பிரிட்டனில் 1961-லேயே ஹெரால்டின் என்ஜின் 1147 சிசி ஆக உயர்ந்தது. இந்திய ஹெரால்டு பழைய 948 சிசி என்ஜினுடனேயே தொடர்ந்தது. இரண்டு கதவு கார் இந்தியக் குடும்பங்களுக்குப் போதாது என்பதால் 1968-ல் சென்னையில் நான்கு கதவு மார்க் III வெளிவந்தது. பிரிட்டனில் நான்கு கதவு ஹெரால்டு தயாரிக்கப்படவே இல்லை. உள்ளூர்த் தேவைக்காக வடிவமைப்பைத் திருத்தும் வழக்கம் கெஸலுக்கு முன்பே வண்டலூரில் தொடங்கிவிட்டது என்பதற்கு மார்க் III சான்று.

ஊசல் அச்சும் அதன் சிக்கலும்

ஹெரால்டின் பின்பக்கத்தில் ஸ்விங் ஆக்சில் எனப்படும் ஊசல் அச்சு இருந்தது. டிஃபரன்ஷியல் பெட்டி சேஸிஸில் போல்ட் போட்டு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அதன் இருபுறமிருந்தும் ஒவ்வொரு ஹாஃப் ஷாஃப்ட், அதாவது அரைத்தண்டு, சக்கரத்துக்குச் செல்லும். ஒவ்வொரு அரைத்தண்டுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டிய முனையில் மட்டும் ஒரு யூனிவர்சல் ஜாயின்ட் உண்டு. சக்கரத்தின் பக்கம் மூட்டு கிடையாது. டிஃபரன்ஷியல் பெட்டியின் தலைமேல் குறுக்காகக் கிடக்கும் ஒரே பட்டைவில், அதாவது லீஃப் ஸ்பிரிங், காரின் பின்பாரம் முழுவதையும் இரு சக்கரங்களின்மீதும் இறக்கும்.

இதன் நன்மை தெளிவானது. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றது பாதிக்கப்படுவதில்லை. கனமான டிஃபரன்ஷியல் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்காததால் பயணம் மென்மையாக இருக்கும்.

குறையும் அதே அமைப்பிலிருந்து வருகிறது. சக்கரம் எப்போதும் அரைத்தண்டுக்குச் செங்குத்தாகவே நிற்கும். தண்டு சாய்ந்தால் சக்கரமும் சாய்ந்தாக வேண்டும். பின் இருக்கையில் ஆட்களும் டிக்கியில் சாமான்களும் ஏறினால் பட்டைவில் அமுங்கி, இரு சக்கரங்களின் மேல்விளிம்புகளும் உள்நோக்கிச் சாயும். டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும். பாரம் குறைந்த நிலையில் வேகமாக வளைவில் சென்று திடீரென ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இதற்கு நேர்மாறானது நடக்கும். காரின் பின்பகுதி மேலெழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் காரின் அடியில் மடங்கும். பிடிப்பு திடீரென அறுபட்டு வண்டி சுழலக்கூடும்.

இன்னொரு சுமையும் அரைத்தண்டின்மேல் விழுகிறது. சக்கரத்தைச் சுழற்றுவதோடு, சக்கரம் பக்கவாட்டில் விலகாமல் பிடித்துக்கொள்ளும் கையாகவும் அதுவே செயல்படுகிறது. அந்த ஒற்றை மூட்டோ பேரிங்கோ தேய்ந்தால் சக்கரத்தின் நிலையே ஆட்டம் காணும். ஐந்தாறு பேர் ஏறும் குடும்பக் காராகவும் மேடுபள்ளச் சாலைகளில் ஓடும் வண்டியாகவும் பயன்பட்ட இந்திய ஹெரால்டின் பின்பக்க டிஃபரன்ஷியல் அமைப்பு அடிக்கடி தொல்லை தருவது என்ற பெயரை எடுத்தது. போட்டியாளர்களான அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பட்டைவில்லின்மேல் அமர்ந்த எளிய திட அச்சு இருந்தது. எந்த ஊர் மெக்கானிக்கும் லாரியைப் பார்த்துப் பழகிய கையோடு அதைக் கழற்றிப் பூட்ட முடிந்தது.

உலகம் கண்ட தீர்வுகள்

ஊசல் அச்சின் குறை ஹெரால்டுக்கு மட்டும் உரியதல்ல. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், அமெரிக்காவின் ஷெவர்லே கார்வேர் ஆகியவற்றிலும் இது இருந்தது. கார்வேரின் பின்பக்க அமைப்பை ரால்ஃப் நேடர் 1965-ல் வெளியிட்ட நூலில் கடுமையாக விமர்சித்தார். அமெரிக்காவில் கார் பாதுகாப்பு பற்றிய பொது விவாதத்தை அந்த நூல் கூர்மையாக்கியது. 1965 மாதிரியிலேயே கார்வேருக்கு வேறு பின்பக்க சஸ்பென்ஷன் வந்துவிட்டது. பீட்டிலிலும் 1960-களின் இறுதியில் ஒவ்வொரு அரைத்தண்டுக்கும் இரண்டு மூட்டுகள் கொண்ட அமைப்பு வந்தது.

டிரையம்ப் நிறுவனமும் தன் கார்களைத் திருத்தியது. ஹெரால்டின் சேஸிஸிலிருந்து பிறந்த விட்டெஸ், ஜிடி6 கார்களில் 1968-ல் அரைத்தண்டின் இடையே ரப்பர் இணைப்பும் கீழே தாங்குகையும் சேர்த்தது. 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் IV-ல் குறுக்குப் பட்டைவில்லின் நடுப்பகுதி ஓரளவு சுழலும்படி மாற்றி, சக்கரம் மடங்குவதைக் குறைத்தது. முதல் தீர்வு மூட்டைக் கூட்டியது. இரண்டாவது வில்லை மாற்றியது. இரண்டிலுமே சேஸிஸில் பொருத்திய டிஃபரன்ஷியலும் குறுக்குப் பட்டைவில்லும் தொடர்ந்தன.

வண்டலூர் வேறு வழியில் சென்றது. கெஸலில் ஊசல் அச்சையே விலக்கி, இரு பின்சக்கரங்களையும் ஒரே உறைக்குள் பிணைக்கும் திட அச்சைப் பொருத்தியது. முன்பக்க, பின்பக்க உடல் வடிவங்களும் திருத்தப்பட்டன. 948 சிசி என்ஜின் அப்படியே தொடர்ந்தது. பிரிட்டனில் ஹெரால்டின் தயாரிப்பு 1971-ல் முடிந்த மறு ஆண்டு, அதன் சென்னை வாரிசு திருத்திய பின்னச்சோடு வெளிவந்தது.

தண்டின் வேலை எப்படி மாறுகிறது

பின்னச்சை மாற்றுவதைச் சக்கரத்துக்கும் வில்லுக்கும் இடையிலான காரியமாக நினைப்பது எளிது. உண்மையில் கியர்பெட்டியிலிருந்து பின்பக்கம் செல்லும் புரொபெல்லர் ஷாஃப்டின் வாழ்க்கையே மாறுகிறது.

சங்கிலிக்குப் பதிலாகச் சுழலும் தண்டால் பின்சக்கரத்தை ஓட்டும் முறையை 1898-ல் லூயி ரெனோ தன் சிறு காரில் வெற்றிகரமாகக் கையாண்டார். அந்தத் தண்டின் முனைகளில் உள்ள மூட்டுக்கு 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரும், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயரும் வழங்குகின்றன. கார்களுக்கு ஏற்ற மூடிய மூட்டுக்கு அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903-ல் காப்புரிமை பெற்றார். பட்டறைகளில் கிராஸ் என்று சொல்லப்படும் கூட்டல் குறி வடிவ உதிரி இந்த மூட்டின் உயிர்ப்பகுதி.

ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு அசையாமல் இருந்ததால், புரொபெல்லர் ஷாஃப்டின் நீளமும் சாய்வும் ஓட்டத்தில் பெரிதாக மாறுவதில்லை. ரப்பர் தாங்கிகளின்மேல் என்ஜின் ஆடும் சிறு அசைவை மட்டும் அது சமாளித்தால் போதும். சக்கரத்தின் மேல்கீழ் அசைவு முழுவதையும் அரைத்தண்டுகளின் மூட்டுகள் தாங்கின. புரொபெல்லர் ஷாஃப்டில் இரண்டு, அரைத்தண்டுகளில் இரண்டு என மொத்தம் நான்கு மூட்டுகள்.

திட அச்சில் அரைத்தண்டுகள் உறைக்குள் நேராகக் கிடக்கும். அவற்றுக்கு மூட்டு தேவையில்லை. ஆனால் டிஃபரன்ஷியல் சக்கரங்களோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆகவே சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் புரொபெல்லர் ஷாஃப்டுக்கு வந்து சேரும். அதன் இரண்டு மூட்டுகளும் இடைவிடாமல் வளைந்தாக வேண்டும். தண்டின் நீளமும் ஏறிக் குறைய வேண்டும். அதற்காகத்தான் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் செல்லும் பள்ளம் வெட்டிய ஸ்லிப் ஜாயின்ட் தேவைப்படுகிறது.

ஒரு கணக்கு இதை விளக்கும். இரு மூட்டுகளுக்கும் இடையே 1000 மில்லிமீட்டர் உள்ள ஒரு தண்டு கிடைமட்டமாக இருப்பதாகக் கொள்ளலாம். டிஃபரன்ஷியல் நேர்கீழாக 75 மில்லிமீட்டர் இறங்கினால் தண்டு 4 டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சாய்கிறது. தேவைப்படும் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கூடுகிறது. அச்சு வில்லோடு சேர்ந்து வட்டப்பாதையில் அசைவதால் உண்மையில் இந்த வேறுபாடு இன்னும் கூடலாம். அந்த மூன்று மில்லிமீட்டருக்கு வழி இல்லாவிட்டால் தண்டு கியர்பெட்டியின் பின்பேரிங்கையும் டிஃபரன்ஷியலின் பினியன் பேரிங்கையும் இழுத்துத் தள்ளும்.

சாய்வுக்கு இன்னொரு விலை உண்டு. யூனிவர்சல் ஜாயின்ட் வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே செல்லும் வேகம் ஒரு சுற்றுக்கு இருமுறை கூடிக் குறையும். 10 டிகிரி வளைவில் இந்த ஏற்றஇறக்கம் இருபக்கமும் சுமார் 1.5 சதவீதம். 20 டிகிரியில் சுமார் 6 சதவீதம். நேரடி கியரில் தண்டு என்ஜின் வேகத்திலேயே சுழலும். நிமிடத்துக்கு 4000 சுற்று என்றால் வினாடிக்கு 133 முறை இந்த உதறல் எழும். முன்மூட்டு உண்டாக்கும் உதறலைப் பின்மூட்டு சமன்செய்ய வேண்டுமானால் இரு மூட்டுகளின் வளைவுக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் அமைந்திருக்கவும் வேண்டும்.

மாற்றுத் தண்டு பொருத்தும் முறை

கெஸலின் பின்னச்சு இந்தியாவில் மட்டும் உருவானது. பிரிட்டிஷ் ஹெரால்டுக்கு இன்றும் கிடைக்கும் அரைத்தண்டுகளும் மூட்டுகளும் அதன் பின்னச்சில் பொருந்தாது. பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் தண்டைப் புதிதாகச் செய்துகொள்ளவோ வேறு வண்டியின் தண்டை வெட்டி இணைத்துக்கொள்ளவோ நேர்கிறது. பின்பக்க சஸ்பென்ஷன் மாற்றப்பட்ட எந்தக் காருக்கும் பொருந்தும் பொது முறை இது.

முதலில் அளவு. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் அளந்தால் நீளம் தவறும். சக்கரங்கள் தரையில் நின்று, வழக்கமான பாரம் ஏறிய நிலையில் கியர்பெட்டியின் ஃபிளாஞ்சிலிருந்து பினியன் ஃபிளாஞ்ச் வரை அளக்க வேண்டும். அந்த நிலையில் ஸ்லிப் ஜாயின்ட் தன் வழுக்குதூரத்தின் நடுவே நிற்கும்படி தண்டின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும். வில் முழுதும் அமுங்கும்போது அது முட்டக்கூடாது. முழுதும் விரியும்போது கழன்றுவிடவும் கூடாது.

அடுத்தது கோணம். கியர்பெட்டியின் வெளித்தண்டும் பினியன் தண்டும் இணைகோடுகளாக இருக்க வேண்டும். அச்சுக்கும் பட்டைவில்லுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்துப் பினியனின் மூக்கை உயர்த்தவோ தாழ்த்தவோ முடியும். கோணம் முற்றிலும் பூஜ்யமாக இருப்பதும் நல்லதல்ல. மூட்டுக்குள் உள்ள ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்திப் பள்ளம் விழுத்திவிடும்.

மூன்றாவது சமநிலை. குழாயை வெட்டி வெல்டிங் செய்த தண்டு கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் பாரம் ஒருபுறம் கூடியிருக்கலாம். அதைச் சுழற்றிப் பார்க்கும் இயந்திரத்தில் வைத்து, சிறு எடைத் தகடுகளைப் பற்றவைத்துச் சரிசெய்ய வேண்டும். கவைகள் ஒரே தளத்தில் உள்ளனவா என்பதை வெல்டிங்குக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. கடைசியாக, தண்டு தரைத்தகட்டின் சுரங்கத்திலோ சைலன்ஸர் குழாயிலோ உரசாமல் இருக்கிறதா என்பதைச் சக்கரம் மிக மேலும் மிகக் கீழும் இருக்கும் நிலைகளில் சோதிக்க வேண்டும்.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எழும் அதிர்வு, சமநிலைக் குறையின் அல்லது கோணப் பிழையின் அறிகுறி. வண்டி கிளம்பும்போது அடியில் கேட்கும் 'டக்' என்ற ஒலி பெரும்பாலும் தேய்ந்த கிராஸின் அடையாளம். மரக்காணம் உப்பளக் கரையை ஒட்டிய வட்டாரங்களில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. உப்பு ஈரம் கலந்த காற்று துருவை விரைவுபடுத்தும். ஸ்லிப் ஜாயின்டின் பள்ளங்களில் கிரீஸ் வற்றித் துரு ஏறினால் அது வழுக்காமல் இறுகும். நன்றாக அளந்து செய்த தண்டும் அப்போது பயனற்றதாகிவிடும்.

சட்டத்தின் எல்லையும் இங்கே முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவுசெய்ய 2021-ல் வந்த விதிகள், வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும் என்றும் சேஸிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்றும் கேட்கின்றன. ஹெரால்டின் சேஸிஸை வெட்டித் திட அச்சு பொருத்தினால் அது மாற்றம். கெஸலிலோ திட அச்சே மூல வடிவம். தொழிற்சாலை செய்த திருத்தத்துக்கும் பட்டறை செய்யும் திருத்தத்துக்கும் உள்ள வேறுபாடு இன்றைய பதிவுப் புத்தகத்திலும் பொருள் உடையது.

கெஸலுக்குப் பின்

கெஸலின் வாழ்நாள் குறுகியது. 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏறி இந்தியக் கார் சந்தை சுருங்கியது. 1977-ல் கெஸல் நின்றது. வண்டலூர் ஸ்டாண்டர்ட் 20 வணிக வாகனங்களோடு தொடர்ந்தது. 1985-ல் ரோவர் எஸ்டி1 உடலில், பழைய வேன்கார்டின் வழிவந்த 1991 சிசி என்ஜினோடு ஸ்டாண்டர்ட் 2000 வெளிவந்தது. இந்தியச் சாலைக்காகத் தரையிலிருந்து அதன் உயரமும் கூட்டப்பட்டது. அது சந்தையில் நிலைக்கவில்லை. 1988-ல் கார் தயாரிப்பு முடிவுக்கு வந்தது.

அதற்குள் காலம் மாறிவிட்டது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முன்சக்கரத்தால் ஓடும் கார். அதில் புரொபெல்லர் ஷாஃப்ட் கிடையாது. பின்பக்க சஸ்பென்ஷனுக்கும் என்ஜின் விசைக்கும் இருந்த உறவு சிறு கார்களில் அத்துடன் அறுந்தது.

மதிப்பீடு

உரிமம் பெற்று ஒரே மாதிரியைப் பல ஆண்டுகள் தயாரித்த இந்தியக் கார் நிறுவனங்கள் புதிதாக எதையும் செய்யவில்லை என்ற கருத்து பரவலாக உள்ளது. பெருமளவுக்கு அது உண்மையும்கூட. அக்கருத்துக்கு விலக்காக நிற்கும் கார்களில் கெஸலும் ஒன்று. மூல நிறுவனம் ஊசல் அச்சை நுணுக்கமாகத் திருத்திக்கொண்டிருந்தபோது, சென்னை அதை எளிய அச்சால் மாற்றியது. மென்மையான பயணத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பாரம் ஏறினாலும் சாயாத சக்கரத்தையும் சிற்றூர்ப் பட்டறையில் பழுதுபார்க்கக்கூடிய அச்சையும் பெற்றது. ஐரோப்பியச் சாலையின் கண்ணோட்டத்தில் அது பின்னோக்கிய அடி. அந்த வண்டி ஓட வேண்டியிருந்த சாலையின் கண்ணோட்டத்தில் அது தகுந்த தேர்வு. ஹெரால்டு வந்து பதினோராண்டுகள் கழித்து அந்தத் திருத்தம் வந்ததும், அதனுடன் வலுவான என்ஜின் வராததும் அதன் பயனைக் குறைத்துவிட்டன.